ஐஸ் ஷெட்டில் பூட்டிய வேன்

அத்தியாயம் 9

"வேன் சாவி இந்தாங்க. ஷெட் சாவி என்கிட்ட இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர் புருஷோத்தமன். "பன்னெண்டு மணிக்கு வந்து திறப்பேன். அதுக்குள்ள உங்க ஆராய்ச்சிய முடிச்சுக்குங்க."

ஷட்டர் இறங்கியது. வெளியே பூட்டு விழுந்தது.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நாலு வருடமாக மூடிக் கிடக்கும் ஐஸ் ஷெட் அது. ஜன்னல் கிடையாது. பின்சுவரில் முட்டி உயரத்தில், ஐஸ் பாளத்தைத் தள்ளிவிடும் சதுர ஓட்டை ஒன்று மட்டும் இருந்தது. ஒரு ஆள் நுழைய முடியாது, தலையை நீட்டலாம். நடுவில் ஒரு வெள்ளை பெட்ரோல் வேன். அதைச் சுற்றி மூன்று பேர்.

உப்பளம் வட்டாரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் லினெட். ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவள். அவளுடைய உதவியாளன் ரிச்சர்ட். பத்து வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வண்டிக்கு அடியில் படுத்தவன். கையைவிட வாய் வேகமாக வேலை செய்ததால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நிலைக்கவில்லை. மூன்றாவது ஆள் அவர்களை அமர்த்தியவர். வைத்திக்குப்பத்துப் படகு இஞ்சின் மெக்கானிக் குப்பன்.

வெளியே யாரோ ஷட்டரை எட்டி உதைத்தார்கள். உள்ளே தகரம் முழுவதும் அதிர்ந்தது.

"மதாம், வெளிய இருக்கிறவங்க இந்த வேனைக் கொளுத்தணும்னு நிக்கிறாங்க" என்றான் ரிச்சர்ட். "உள்ள நாம இருக்கோம்னு அவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"குப்பண்ணன் இருக்கிறது தெரியும்."

"அப்போ இன்னும் ஆசையா கொளுத்துவாங்க."

குப்பன் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. வெளியே நிற்பவர்கள் செத்துப்போன சுப்பிரமணியனின் சொந்தக்காரர்கள். கொன்றதாகக் கைதாகி ஸ்டேஷனில் இருப்பவன் இனியவன், குப்பனின் ஒரே மகன். மூன்று மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். கொலை வழக்கு.

நடந்தது இதுதான். மீன் வியாபாரி சுப்பிரமணியனின் வேனில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தது. புகையில் கோளாறு என்று சொல்கிற விளக்கு. உப்பளத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இனியவன் மூன்று முறை சரிசெய்தான். மூன்று முறையும் திரும்ப எரிந்தது. ஒரு திங்கட்கிழமை, ஏலக் கூடத்தில் நாற்பது பேர் பார்க்க சுப்பிரமணியன் அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தார். இனியவன் கிழிந்த சட்டையோடு நின்று சொன்னான்: "இனிமே அந்த லைட்டு எரியாது, பாத்துக்குங்க." மறுநாள் வேனை வாங்கி வேலை பார்த்துக் கொடுத்தான். சனிக்கிழமை மதியம் ஏலம் முடிந்து, ஐஸ் வரும்வரை கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வேனிலேயே தூங்கினார் சுப்பிரமணியன். ஐஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ரத்தத்தில் புகை விஷம் என்று அறிக்கை.

நேற்று சாயங்காலம் போலீஸ் இனியவனைத் தூக்கியது. வேனின் அடியில் எடுத்த ஒரு போட்டோவைக் காட்டினார்கள். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான்தான் பண்ணேன்" என்றான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பெற்றவரையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான்.

"எம்புள்ள ஒரு எலியக்கூட அடிக்க மாட்டாம்மா" என்று இன்று காலையில் லினெட்டின் மாடிப்படியில் நின்று சொன்னார் குப்பன். லினெட் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வண்டியைப் பார்க்கணும் என்றாள்.

இப்போது வண்டி முன்னால் நிற்கிறது. மணி பதினொன்று ஐந்து.

ரிச்சர்ட் டிரைவர் சீட்டில் ஏறி சாவியைத் திருப்பினான். மீட்டர் பலகையில் ஒவ்வொரு விளக்காக எரிந்து அணைந்தது.

"போலீஸ் எழுதினது சரிதான் மதாம். மஞ்ச லைட்டு எரியல. பய அதைச் சாகடிச்சிருக்கான். சொன்ன மாதிரியே."

லினெட் உள்ளே எட்டிப் பார்த்தாள். மீட்டர் கண்ணாடியின் மூலையில் சின்னதாக ஒரு வேல் ஸ்டிக்கர். பின்னால் திரும்பினாள். வேனின் பின்பக்கம் அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகள் ஆறு. ஆறிலும் அதே வேல்.

"சுரண்டு."

ரிச்சர்ட் நகத்தால் சுரண்டினான். அடியில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி. சாமிய வெச்சு மறைச்சிருக்காரு."

"யாரு மறைச்சது?"

"பெட்டிக்கு ஒட்டின ஆளேதான், சுப்பிரமணியன். வேலை பாத்துட்டு வந்த ரெண்டு நாள்ல மறுபடி எரிஞ்சிருக்கு. அஞ்சாவது தடவையா ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு மனசு வரல. ஒட்டிட்டுப் போயிட்டாரு." அவன் உதட்டைப் பிதுக்கினான். "இனியவன் லைட்டைக் கொல்லல மதாம். ஒரு குற்றம் கழிஞ்சுது."

"சின்னது கழிஞ்சுது. பெரிசு இருக்கு. ஸ்கேனரைப் போடு."

ரிச்சர்ட் கையடக்க ஸ்கேனரின் ஒயரை வண்டியில் செருகினான். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆக்சிஜன் சென்சார். 'இஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தல, பத்தல'ன்னு கத்திக்கிட்டிருக்கு."

குப்பன் புருவத்தைச் சுருக்கினார். லினெட் அவருக்கு விளக்கினாள். சைலன்சர் பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு சாமான் திருகியிருக்கும். போகிற புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று வண்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை ஊற்றும், இல்லை குறைக்கும்.

"ஒரு பிளக்கைக் கழட்டு" என்றாள்.

இந்த வேனில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரிச்சர்ட் சீட்டைத் தூக்கினான். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"பெட்ரோல் பத்தலைன்னா பிளக்கு வெளுத்து இருக்கணும்" என்றான். "இது வயிறு முட்டத் தின்னுட்டு வாந்தி எடுத்த பிளக்கு. சென்சார் பசிங்குது, பிளக்கு அஜீரணங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது மதாம்."

"பிளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்போ சென்சார்."

அவன் டார்ச்சை சீட்டுக்கு அடியில் பிடித்தான். தரைத் தகரம் உப்புத் தின்று சல்லடையாகக் கிடந்தது. சைலன்சர் ஜாயின்டில் கறுப்பாகப் புகை கசிந்த தடம். எப்போதும் கசிந்திருக்கும். புகை சுத்தமாக இருந்தவரை அது ஆளைக் கொல்லவில்லை. சென்சார் பொய் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்ட, அரைகுறையாக எரிந்த பெட்ரோல் விஷப்புகையாக மாறி, மேலே கண்ணாடியை ஏற்றித் தூங்கியவரின் மூக்குக்குப் போயிருக்கிறது.

"சென்சார் ஏன் பொய் சொல்லிச்சு, அதான் கேள்வி" என்றாள் லினெட். "ஒயரை யாராவது வெட்டினாங்களா?"

"அதைப் பாக்க இஞ்சினை ஓட்டணும்."

மூவரும் சுவர்களைப் பார்த்தார்கள். ஒரு ஆளைக் கொன்ற இஞ்சின். பூட்டிய ஷெட்.

லினெட் ஷட்டரைத் தட்டினாள். "கான்ஸ்டபிள். கொஞ்சம் திறங்க."

"சாவி அய்யாகிட்டமா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "அய்யா பன்னெண்டுக்கு வருவாரு." அதைத் தொடர்ந்து ஷட்டரில் ஒரு கல் வந்து விழுந்தது.

ரிச்சர்ட் ஷெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தான். "மதாம், நான் போயிட்டா எங்க வீட்ல சொல்லிடுங்க, நான் நல்லவன்னு."

"அவங்க நம்ப மாட்டாங்க."

குப்பன் அதற்குள் மூலையில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயை இழுத்துவந்துவிட்டார். தொடை கனம் இருந்தது. ஒரு முனையைச் சைலன்சர் வாயில் மாட்டி, கந்தல் துணியை வைத்து இறுக்கி, மறுமுனையை ஐஸ் ஓட்டை வழியாக வெளியே தள்ளினார். யாரும் சொல்லவில்லை. அறுபது வயதில் அந்தக் கைகள் பேச்சுக்குக் காத்திருப்பதில்லை.

"முன்னாடி ஜாயின்டுல கசியறது கசியும்" என்றார். "சீக்கிரம் பாருங்க."

"பத்து நிமிஷம்" என்றாள் லினெட். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஓடாது."

ரிச்சர்ட் பிளக்கை மறுபடி மாட்டி, சீட்டை இறக்கி, சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்தது. தடுமாறி ஓடியது. பெட்ரோல் நெடி உடனே எழுந்தது. லினெட் ஓட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரிச்சர்ட் ஸ்கேனரைச் சீட்டில் சாய்த்து வைத்தான்.

"நல்ல சென்சார்னா பாயிண்ட் ஒண்ணுக்கும் பாயிண்ட் ஒம்போது வோல்ட்டுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடும். இது பாயிண்ட் ஒண்ணுலயே படுத்துக் கிடக்கு."

"ஒயரைப் பாரு."

ரிச்சர்ட் கரன்ட் பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டிப் பக்கம் குனிந்தான். நாலு ஒயர். இரண்டு சென்சாரைச் சூடு பண்ண. ஒன்று சேதி சொல்ல. ஒன்று எர்த்து. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். சூட்டுக்குக் கரன்ட் போகிறது. எர்த்து சுத்தம். சேதி ஒயர் எங்கும் உரசவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு கீறல் இல்லை.

"மதாம், தலை வலிக்குதா?"

"இன்னும் இல்ல. உனக்கு?"

"வலிக்குது."

"காலையிலேருந்தே வலிக்குதுன்னு சொன்ன."

"அது நேத்து ராத்திரி குடிச்ச வலி. இது புதுசு." அவன் இருமினான். "நாலு ஒயரும் பத்தரை மாத்து. யாரும் வெட்டல, யாரும் ஒட்டல. எல்லாரும் யோக்கியம். ஆனா முடிவு மட்டும் பொய். நம்ம ஊர் எலெக்‌ஷன் மாதிரி."

"நாலு நிமிஷம் ஆச்சு. மிச்சம் என்ன இருக்கு?"

"கப்ளர் மட்டும்தான்."

சென்சாரிலிருந்து வரும் ஒயரும் வண்டி ஒயரும் சேருகிற பிளாஸ்டிக் பூட்டு. அதைத்தான் போலீஸ் போட்டோவில் காட்டியிருந்தார்கள். போட்டோவில் போலவே பிளாஸ்டிக் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு கட்டியைப் பிசைந்து ஒட்டுகிற சாம்பல் நிறப் பசை, முட்டை மாதிரி உருண்டையாக அதை மூடியிருந்தது.

ரிச்சர்ட் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"அத உடைக்காத தம்பி" என்றார் குப்பன்.

"ஏன்?"

"ரப்பர் ட்யூப்பு ரெண்டு சுத்து சுத்தி, உள்ள கிரீஸு அடைச்சு, அதுக்கு மேல பசை. ஒரு சொட்டு உப்புத்தண்ணி உள்ள போவாது. உடைச்சேன்னா மறுபடி செம்புல பச்சை பூத்துடும். அதனாலதான மூணு தடவையும் கெட்டுது."

லினெட் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். உருண்டையைப் பார்த்தாள். வெளியே தெரிவது பசை மட்டும். குப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நல்ல வேலை ஒன்று வீணாகப் போகிறதே என்ற கவலைதான் இருந்தது.

"உடை ரிச்சர்ட்" என்றாள்.

பிளேயர் இறுகியது. உருண்டையின் ஒரு பாதி பட்டென்று வெடித்து உதிர்ந்தது. உள்ளே ரப்பர். ரப்பரைக் கிழித்தான். பச்சை கிரீஸ். துணியால் துடைத்தான். கப்ளரின் ஒரு முனை காற்றைப் பார்த்தது.

ஒயரை யாரும் தொடவில்லை. ஆறு நிமிஷம். ஏழு. லினெட்டுக்கும் நெற்றிப் பொட்டில் வலி ஆரம்பித்திருந்தது. ரிச்சர்ட் இன்னும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

"எட்டு நிமிஷம். வெளிய வா. நிறுத்தப் போறேன்."

"மதாம், ஸ்கேனரைப் பாருங்க."

லினெட் சீட்டில் இருந்த ஸ்கேனரை எட்டிப் பார்த்தாள். எண் அசைந்தது. பாயிண்ட் ஒன்று. பாயிண்ட் மூன்று. மறுபடி இரண்டு. பிறகு நீச்சல் தெரிந்தவன் தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்குவதுபோல் ஒரேயடியாக பாயிண்ட் எட்டுக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது. ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இஞ்சினின் தடுமாற்றம் நின்று சீராக ஓடியது.

லினெட் சாவியைத் திருப்பி அணைத்தாள். மூவரும் ஓட்டைக்குப் போய் குழாயை ஒதுக்கிவிட்டு முறைவைத்து மூச்சு வாங்கினார்கள். துறைமுகத்து மீன் கவிச்சி அவ்வளவு நன்றாக இருக்கும் என்று ரிச்சர்ட்டுக்கு அதுவரை தெரியாது.

"நான் ஒரு முட்டாள்" என்றான் அவன்.

"அது தெரிஞ்ச விஷயம். புதுசா சொல்லு."

"அந்த சென்சாருக்கு ரெண்டு காத்து வேணும் மதாம். ஒரு பக்கம் சைலன்சர் புகை. இன்னொரு பக்கம் வெளிக்காத்து. ரெண்டையும் ஒத்துப் பாத்துத்தான் கணக்கு சொல்லும். வெளிக்காத்து ஒயருக்குள்ளேருந்துதான் போவும். செம்புக் கம்பிக்கும் மேல்தோலுக்கும் நடுவுல மயிரிழை சந்து இருக்கு. கப்ளர்தான் அதுக்கு மூக்கு. அதனாலதான் அந்த ஒயர்ல ஈயம் வெக்காத, கிரீஸ் வெக்காதன்னு அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுப்பாங்க."

"ஆக, சென்சார் கெடல."

"மூக்கைப் பொத்திட்டாங்க. அதுவும் ஒழுங்கா, ஒரு ஓட்டை விடாம பொத்தியிருக்காங்க."

"இனியவனுக்கு இது தெரியுமா?"

ரிச்சர்ட் பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு குப்பனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவன் கடைச் சுவர்ல கம்பெனி டிரெயினிங் சர்ட்டிபிகேட் மாட்டி வெச்சிருக்கான். மொத நாள் கிளாஸே இதான். மதாம், நாம வந்த காரியம் என்னா? அவனை வெளிய எடுக்கிறது. இப்போ நாமளே உள்ள தள்ளிட்டோம். தெரியாதவன் பொத்தினா அது விபத்து. தெரிஞ்சவன் பொத்தினா அது கொலை."

மணி பதினொன்று நாற்பது. ஷெட்டுக்குள் காற்று அசையவே இல்லை.

லினெட் ஒரு ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். எதிரில் இன்னொரு பெட்டியைக் காட்டினாள். குப்பன் உட்காரவில்லை.

"அண்ணே, ரப்பர் எத்தனை சுத்துன்னு உடைக்கிறதுக்கு முன்னாடியே சொன்னீங்க."

"சொன்னேன்."

"எப்படித் தெரியும்?"

"நான்தான சுத்துனேன்." அவர் சாதாரணமாகச் சொன்னார். "செவ்வாக்கிழம மத்தியானம் அவனுக்கு சோறு எடுத்துக்கிட்டுப் போனேன். புது சென்சார மாட்டிட்டு பேங்குக்குப் போயிருந்தான். அடியில பாத்தா கப்ளரு அம்மணமா தொங்குது. மேல மீன் பெட்டி. ஐஸ் தண்ணி சொட்டு சொட்டா அதுமேல வுழுது. மூணு தடவை கெட்டதுக்கு அதான் காரணம். முந்தின நாளுதான் சட்டையக் கிழிச்சு அனுப்பியிருந்தாங்க. நாலாவது தடவையும் எம்புள்ளைய அசிங்கப்படுத்தணுமா? போட்ல எல்லா ஜாயின்டுக்கும் பண்றததான் இதுக்கும் பண்ணேன். அவன்கிட்ட சொல்லல. சொன்னா, உனக்கு கார் வேலை தெரியாதும்பான்."

"போட்ல இந்த சென்சார் கிடையாது அண்ணே."

"முப்பது வருசமா ஒட்டுறேம்மா. நான் ஒட்டுன ஜாயின்டால ஒரு போட்டும் நடுக்கடல்ல நின்னதில்ல."

ரிச்சர்ட் ஸ்கேனரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டி முடித்தபிறகும் சுருட்டினான்.

குப்பன் வேனைப் பார்த்தார். டிரைவர் சீட்டைப் பார்த்தார். ரிச்சர்ட் சொன்ன மூக்கும் மூச்சும் அப்போதுதான் அவருக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. பெட்டியில் உட்கார்ந்தார்.

"அந்த ஆளு எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலம்மா" என்றார். "கோவக்காரன். அவ்ளோதான்."

"உங்க மகன் போட்டோவைப் பாத்ததும் உங்க கைன்னு கண்டுபிடிச்சிட்டான். அதான் 'நான் பண்ணேன்'னு சொல்லிட்டு உங்களைப் பாக்க மாட்டேங்கிறான்."

குப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க எங்க கட்சிக்காரர்" என்றாள் லினெட். "நீங்க சொல்லச் சொன்னா சொல்லுவேன். வேணாம்னா இந்த உருண்டை உடைஞ்சதுக்கு வேற காரணம் எழுதிக் குடுத்துட்டுப் போவேன். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை. யோசிக்க இருபது நிமிஷம் இருக்கு."

"இதுல யோசிக்க என்னா இருக்கு."

பன்னிரண்டுக்கு ஷட்டர் பாதி ஏறியது. புருஷோத்தமன் குனிந்து உள்ளே வந்து மூக்கைப் பொத்தினார். ஷட்டரை மறுபடி இறக்கச் சொன்னார். வெளியே கூட்டம் கூடியிருந்தது.

லினெட் சொன்னாள். ஸ்டிக்கர், பிளக், நாலு ஒயர், உருண்டை. அவர் நின்றபடியே கேட்டார். மண்டு இல்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"ரொம்ப நன்றிங்க. என் கேஸை நீங்களே கட்டிக் குடுத்துட்டீங்க. ஒயர் வெட்டுன்னு கோர்ட்ல உளறியிருப்பேன். இப்போ விஷயம் தெளிவாயிடுச்சு. படிச்ச பையன், தெரிஞ்சே மூக்கை அடைச்சிருக்கான்."

"அது என் கை வேலை சார்" என்றார் குப்பன்.

"எல்லா அப்பனும் இதான் சொல்லுவான்."

"சத்தியமா நான்தான் சார்."

"பெரியவரே, நான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். புள்ளைக்காக அம்மா, அம்மாக்காக புள்ள, அண்ணனுக்காகத் தம்பி. ஒவ்வொரு கேஸ்லயும் ஒருத்தர் வந்து கையத் தூக்கறாங்க. உங்க கை வேலைன்னா அவன் எதுக்கு ஒத்துக்கிட்டான்? போட் வேலை அவனுக்குத் தெரியாதா? உங்க வூட்லதான வளர்ந்தான்?"

"போட் பக்கமே வுடல சார் நான். என்னை மாதிரி ஆவக்கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன்."

"அதுக்கு ரசீது இருக்கா?"

உண்மையைச் சொல்லியும் மகனை வெளியே எடுக்க வழி இல்லை. லினெட் எழுந்து வேனுக்கு அடியில் டார்ச்சை அடித்தாள். உருண்டையின் பாதி இன்னும் அப்படியே இருந்தது.

"அண்ணே, இதை நடுக்கடல்ல பிரிக்கணும்னா எப்படிப் பிரிப்பீங்க?"

"அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேம்மா. அடியில..."

"இருங்க. சொல்லாதீங்க." அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சார், ஸ்டேஷனுக்கு போன் போடுங்க. ஒட்டினது நான்தாங்கிறான் இல்லையா, எப்படிப் பிரிக்கணும்னு அவனைக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. குப்பண்ணே, என்ன கேட்டாலும் நீங்க பேசக்கூடாது."

புருஷோத்தமன் போனை எடுத்தார். "ஜெஸ்டின், லாக்கப்புக்குப் போ. இனியவன்கிட்ட குடு."

கம்பியில் போன் உரசும் சத்தம். ஒரு இளம் குரல். "சொல்லுங்க சார்."

குப்பன் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த உருண்டைய ஒட்டினது யாரு?"

"நான்தான் சார். எத்தனை தடவை சொல்றது."

"பசைக்கு உள்ள என்னா இருக்கு?"

கொஞ்சம் தாமதம். "டேப்பு சார். கறுப்பு டேப்பு."

"பிரிக்கணும்னா?"

"பிளேடால அறுக்கணும். வேற என்னா. நான்தான் ஒட்டுனேன் சார், கோவத்துல ஒட்டுனேன். எழுதிக்குங்க. வேற யாரையும் விசாரிக்காதீங்க, யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

புருஷோத்தமன் கிழிந்து கிடந்த ரப்பரைப் பார்த்தார். டேப் எங்கும் இல்லை. குப்பனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"சைலன்சர் பக்கமா, அடியில தடவுங்க சார்" என்றார் குப்பன். "அரிசி அளவு ஒரு முடிச்சு இருக்கும். வலைக்கண்ணி நூலு. பசைக்கு அடியில நீளவாக்குல ஓடுது. கடல்ல இஞ்சின் நின்னா கத்தி தேட நேரமிருக்காது. அதைப் புடிச்சு உங்க பக்கம் இழுங்க."

இன்ஸ்பெக்டர் காக்கிச் சட்டையோடு தரையில் படுத்தார். தடவினார். நகத்தில் மாட்டி இழுத்தார். மெல்லிய பசை ஓடு கோடு விட்டு வெடித்து, மிச்சமிருந்த ரப்பர் இரண்டு சுற்றும் ஒரே இழுப்பில் வாழைப்பழத் தோல்போல் அவர் கையோடு வந்தது.

போனில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"யப்பா" என்றான் இனியவன். "நீ அங்க ஏன் போன. சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். யப்பா, வாய மூடு."

"எனக்குத் தெரியலடா" என்றார் குப்பன். "தெரியாமத்தான் ஒட்டிட்டேன். அதச் சொல்லணும்ல."

புருஷோத்தமன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். நூலையும் ரப்பரையும் ஒரு கவரில் போட்டார்.

"கொலை இல்ல. அஜாக்கிரதை. செக்‌ஷனை மாத்தணும், பேரை மாத்தணும்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு போனில்: "ஜெஸ்டின், அவனைத் திறந்து விடு. வெளிய பெஞ்சுல உக்கார வை. நான் வந்து எழுதி வாங்கிக்கிறேன்."

போனுக்குள் இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் நீளமாகக் கேட்டது. குப்பன் அது முடியும்வரை கேட்டார்.

இன்ஸ்பெக்டர் போனை அணைத்துவிட்டு ஷட்டரைப் பார்த்தார். "கூட்டம் போகல. ஜீப்பைப் பின்னாடி கொண்டாரச் சொல்றேன்."

"பின்னாடி வழி இல்ல சார்" என்றான் ரிச்சர்ட். "இருந்திருந்தா இஞ்சின் ஓடும்போதே நான் போயிருப்பேன்."

"அப்போ கொஞ்ச நேரம் உள்ளயே இருங்க. ஆள் வரட்டும்."

"வேணாம் சார். திறக்கச் சொல்லுங்க" என்றார் குப்பன். "அந்தம்மா வெளிய நிக்கிறாங்களா, சுப்பிரமணியன் சம்சாரம்?"

"நிக்கிறாங்க."

ஷட்டர் ஏறியது. உச்சி வெயில் கண்ணைக் குத்தியது. கூட்டம் முன்னால் நகர்ந்தது.

குப்பன் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த அம்மா நின்ற பக்கம் நடந்தார்.